லாயல் ஹட்ஸ்பெத்தின் ஐம்பத்தெட்டாம் நம்பர்

எங்கள் ஊர் ஹேக்கர்ஸ் கிரீக்கில் லாயல் ஹட்ஸ்பெத்தைத் தெரியாத வீடு கிடையாது. அதற்காக அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து விருந்து போட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தொழில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்வது. தொட்டி நிரம்பிக் கொல்லைப்பக்கம் நிற்க முடியாமல் போகும்போது 'லாயல், லாயல்' என்று உருகுவார்கள். லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் உட்காரும் பெஞ்சில் இரண்டு ஆள் இடம் விட்டுத்தான் உட்காருவார்கள். மனிதர் தினம் இரண்டு வேளை குளிக்கிறவர், சனிக்கிழமை சாயங்காலம் இன்னொரு தரம் தேய்த்துக் குளிப்பார். என்ன பிரயோஜனம்? பெயர் ஒட்டிக்கொண்டால் சோப்பு போட்டா போகும்?

'செப்டிக் லாயல்' என்று தன்னைக் கூப்பிடுவதில் அவருக்கு வருத்தமே இல்லை என்று அவர் எல்லாரிடமும் சொல்வார். சுத்தப் பொய். சாவதற்குள் அந்தப் பெயரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஒரு பெயரை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அந்தப் பெயரையும் அவர் முடிவு செய்து வைத்திருந்தார்: 'வெர்லின் ப்ளெட்சோ வண்டி வைத்திருக்கிற லாயல்'.

வெர்லின் ப்ளெட்சோ யார் என்று எங்கள் கரோலினா மலையடிவாரத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அறுபத்தைந்தாம் வருஷத்துக் கார் ரேஸ் சாம்பியன். சிவப்பும் வெள்ளையுமாக, ஐம்பத்தெட்டு என்று நம்பர் எழுதிய ஒரு ஃபோர்டை ஓட்டிக்கொண்டு வந்து, பெரிய கம்பெனிகளின் பணத்தில் ஓடிய வண்டிகளையெல்லாம் பின்னால் தள்ளியவர். எங்கள் ஊரில் எல்லாருக்கும் ரேஸ் ரத்தத்திலேயே ஓடுகிறதாம். எல்லாருடைய தாத்தாவும் அந்தக் காலத்தில் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிக் காரில் பறந்து சாராயம் கடத்தியவராம், அந்த ஓட்டத்திலிருந்துதான் ரேஸே பிறந்ததாம். இத்தனை தாத்தாக்கள் கடத்தியிருந்தால் குடிக்க ஆள் ஏது, துரத்தத்தான் போலீஸ் ஏது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் அடி விழும்.

லாயல் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் வெர்லின் ப்ளெட்சோ கடித்துத் துப்பிய பல்குச்சி ஒன்று. அவர் வண்டி டயரிலிருந்து பிய்ந்து வந்த ரப்பர் துண்டு ஒன்று. அவர் வியர்வை ஊறிய தொப்பி ஒன்று. தொப்பியை மட்டும் கூடத்தில் வைக்கக் கூடாது என்று அவர் மனைவி ஒலீட்டா சண்டை போட்டுப் பார்த்தாள்.

"ஊரு நாத்தம் பத்தாதுன்னு இவரு நாத்தம் வேறயா?"

"இது நாத்தம் இல்ல ஒலீட்டா, சரித்திரம்."

"சரித்திரத்தை எடுத்துட்டுப் போயி கராஜ்ல வை. நாளைக்கு எங்க அக்கா சாப்பிட வரா."

சாம்பியன்ஷிப் வாங்கிய அந்த வண்டி என்ன ஆயிற்று என்பது யாருக்கும் தெரியாது. அந்த நாளில் பழைய ரேஸ் வண்டியை யார் மதித்தார்கள்? சீசன் முடிந்ததும் யாராவது உள்ளூர்க்காரன் தலையில் கட்டிவிடுவார்கள். அவன் மேலே வேறு பெயிண்ட் அடித்து, வேறு நம்பர் எழுதி, சனிக்கிழமை தோறும் மண் டிராக்கில் ஓட்டி நசுக்குவான். அவனிடமிருந்து இன்னொருத்தன். கடைசியில் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கடவுளுக்கே தெரியாது. லாயல் மட்டும் தேடிக்கொண்டே இருந்தார். தொட்டி உறிஞ்சப் போகிற இடத்திலெல்லாம் குழாயை இறக்கிவிட்டுக் கொட்டகைகளுக்குள் எட்டிப் பார்ப்பார். இரண்டு தடவை நாய் கடித்திருக்கிறது.

கடைசியில் ஒரு கோழிப் பண்ணையில் கிடைத்தது. கொட்டகைக் கோடியில் தீவன மூட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய ஃபோர்டு. உள்ளே கோழிகள் முட்டை போட்டுக்கொண்டிருந்தன. பண்ணைக்காரக் கிழவர் தலையைச் சொறிந்தார்.

"ப்ளெட்சோ வண்டின்னுதான் எங்கண்ணன் சொல்லுவான். ஆனா எங்கண்ணன் நிறைய சொல்லுவான்."

லாயல் பேனாக்கத்தியை எடுத்துப் பழுப்புப் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் பச்சை. பச்சைக்கு அடியில் மஞ்சள். அதற்கும் அடியில் சிவப்பு! அவ்வளவுதான், மனிதருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிவப்புப் பெயிண்ட் அடித்த ஃபோர்டு அமெரிக்காவில் எத்தனை ஆயிரம் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. கிழவர் கேட்டதைக் கொடுத்து, கோழிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கோழிகளை மறுநாள் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் அவர் கராஜை விட்டு வெளியே வரவில்லை. எங்கள் ஊரில் பழைய வண்டியைச் சரிசெய்வது என்றால் அது பிறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவருவது என்று பேச்சு. பிறந்த அன்று அது அப்படி இருக்கவே இருக்காது. அவசர அவசரமாகப் பற்றவைத்து, தூரிகையால் நம்பர் எழுதி, பெயிண்ட் காய்வதற்குள் டிராக்குக்கு அனுப்பிய வண்டி அது. லாயல் கையில் அது கல்யாணப் பெண் மாதிரி ஆயிற்று. வலது பக்கத் தகட்டில் ஒரு கன்றுக்குட்டி படுத்துக்கொள்ளலாம் போல ஒரு பெரிய குழி இருந்தது. அதை மட்டும் மாதக்கணக்கில் தட்டித் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, கடைசியில் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். கராஜுக்குள் வேர்க்கடலை கொண்டுவரக் கூடாது, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வரக் கூடாது, இரண்டும் ரேஸ் வண்டிக்கு ஆகாது என்று சட்டம் வேறு.

ஒலீட்டா ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"முப்பத்தாறு வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது என்னை இப்படித் தொடச்சு விட்டிருக்கியா?"

"நீ பச்சை கவுன் போட்டிருக்க, வெளிய நில்லு" என்றார் லாயல்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், டாயில் ப்ரூவெட் என்று ஒரு மனிதன் உலகத்தில் இல்லாதிருந்தால். டாயில் எங்கள் ஊர்க் கல்லறைக் கல் வியாபாரி. ஊரில் யாராக இருந்தாலும் ஒன்று லாயலிடம் வர வேண்டும், இல்லாவிட்டால் டாயிலிடம் போக வேண்டும். ஆனால் சர்ச்சில் டாயில் பக்கத்தில் யாரும் இடம் விட்டு உட்காருவதில்லை, அதுதான் லாயலுக்குப் பொறுக்காது. லாயல் வண்டிக்குப் பெயிண்ட் அடித்து முடித்த அதே மாதம், டாயில் தன் கடை வாசலில், கிரானைட் சிலுவைகளுக்கு நடுவே, ஒரு ஃபோர்டைக் கொண்டுவந்து நிறுத்தினான். சிவப்பு, வெள்ளை, ஐம்பத்தெட்டு.

"டேய், இது எங்கடா புடிச்ச?" என்றார் லாயல், லாரியிலிருந்து இறங்காமலேயே.

"ஆத்தங்கரையில பொதைஞ்சு கெடந்துச்சு. வெர்லின் வண்டி. ஒரிஜினல்."

"வெர்லின் வண்டி எங்கிட்ட இருக்கு."

"உங்கிட்ட கோழிக்கூண்டு இருக்குன்னு சொன்னாங்க. மேல அடிச்ச பெயிண்ட் நல்லாத்தான் இருக்காம்."

அன்று முதல் ஊர் இரண்டுபட்டது. சலூனில் ஒரு கட்சி, பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் குழம்பும் விற்கிற காலைக் கடையில் ஒரு கட்சி. தமாஷ் பார்க்கிறவர்களுக்கு நல்ல காலம். லாயலுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஊர் அவரை 'கோழிக்கூண்டு லாயல்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. இருந்த பெயரே தேவலை என்று ஆகிவிட்டது.

அந்த ஆகஸ்டில் பைனி நாப் டிராக்கில் பழைய ரேஸ்காரர்கள் ஒன்றுகூடும் நாள் வந்தது. பாஸ்டர் ஃபெரல்தான் பொறுப்பு. ரேஸுக்கு முன் ஜெபம் செய்வதும் அவர்தான், மைக்கில் வர்ணனை சொல்வதும் அவர்தான். இரண்டுக்கும் ஒரே குரல். வெர்லின் ப்ளெட்சோவே வருகிறார், எண்பத்தோரு வயது, தன் வண்டி எது என்று அவரே சொல்லுவார், சொன்ன வண்டியில் உட்கார்ந்து ஒரு சுற்று மெதுவாகப் போவார் என்று அறிவித்துவிட்டார். லாயலுக்கு அதற்கு முந்தின வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. வெர்லின் வாயால் 'இது என்னுது' என்று ஒரு வார்த்தை. அது போதும். அது கிடைக்காவிட்டால் சாகிற வரை கோழிக்கூண்டுதான்.

வெர்லின் வந்தார். கையில் தடி, காதில் மிஷின், தலையில் யாரோ மாட்டிவிட்ட புதுத் தொப்பி. ஒரு கூடாரத்துக்கடியில் உட்கார வைத்து, பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் சர்க்கரை போட்ட ஐஸ் டீயும் கொடுத்து, பக்கத்தில் வரிசையாக நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தையை அவர் மடியில் வைத்தார்கள், எடுத்தார்கள். கிழவர் மென்றுகொண்டே இருந்தார். பிறகு ரொட்டியைக் கையில் பிடித்தபடி எழுந்து, வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு சிவப்பு வண்டிகளையும் சுற்றி வந்தார்.

"ரெண்டும் நல்லா இருக்கு. ஆனா என் வண்டி இவ்வளவு அழகா இருந்ததில்லையே."

"கொஞ்சம் பாலிஷ் போட்டோம் ஐயா" என்றான் டாயில்.

"என் வண்டிக்கு வலது பக்கம் ஒரு அடி இருக்கும். இவ்ளோ பெருசு. அது விழுந்தப்புறம்தான் ஜெயிக்க ஆரம்பிச்சோம். அதுல கை வைக்க யாரையும் விடமாட்டேன். ஒரு பய சுத்தியல எடுத்தான், அந்த வாரமே இன்ஜின் போச்சு. அந்த அடி இருந்தா என் வண்டி. இல்லன்னா இல்ல."

லாயலுக்கு ரத்தம் தலைக்கு ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அடப்பாவி, அந்தக் குழி! மாதக்கணக்கில் உட்கார்ந்து, முதுகு ஒடிய, தன் கையாலேயே தட்டி அழித்த குழி!

"இருந்துச்சு ஐயா! இருந்துச்சு! நான்தான் நிமித்திட்டேன்!" என்று கத்தினார்.

"என் வண்டியிலயும் இருந்துச்சு!" என்றான் டாயில் உடனே.

"பொய் சொல்லாதடா! அவரு சொன்னப்புறம் சொல்ற!"

"நீ மட்டும் முன்னாடியே சொன்னியா?"

நியாயம்தான். லாயல் ஓட்டமாக ஓடித் தன் லாரியிலிருந்து, துருப்பிடித்த தொட்டி மூடிகளை அடித்துத் திறக்கிற சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒலீட்டா 'லாயல், வேணாம்' என்று கத்தினாள். முதல் அடி. இரண்டு குளிர்காலத்துப் பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. டாயில் சும்மா இருப்பானா? கல்லறைக் கல் நடுகிறவனிடம் சுத்தியலுக்கா பஞ்சம்? அவனும் ஆரம்பித்தான். பேரன் பேத்தி எடுத்த இரண்டு மனிதர்கள், ஊரே பார்க்க, தங்கள் சொந்த வண்டிகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் ஃபெரல் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்வதா வர்ணனை சொல்வதா என்று தெரியாமல் நின்றார்.

வெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்சம் கீழ, தம்பி. இன்னும் பின்னாடி. ஏம்ப்பா கல்லறை, நீ ரொம்ப முன்னாடி போயிட்ட. ஆங், அங்கதான். இன்னும் ஒண்ணு போடு."

ரொட்டி முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தடியை நீட்டி லாயல் வண்டியைக் காட்டினார்.

"இது."

கூட்டம் ஆரவாரம் செய்தது. டாயில் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். லாயல் சம்மட்டியைப் பிடித்தபடி நின்று குழந்தை மாதிரி அழுதார். அழட்டும், இத்தனை வருஷத்தில் அவருக்காக ஊர் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

ரேஸ் வண்டிக்குத் திறக்கிற கதவு கிடையாது, ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். எண்பத்தோரு வயதுச் சாம்பியனை நான்கு பேர் தூக்கி, காலை முதலில் விட்டு, சோபாவை மாடிக்கு ஏற்றுவது போல உள்ளே நுழைத்தார்கள். தலையில் ஹெல்மெட் மாட்டினார்கள். மற்றவர்கள் விலகிப் போனதும் லாயல் ஜன்னலுக்குள் தலையை விட்டு அவருக்குப் பெல்ட் போட்டுவிட்டார். இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில்.

"இதுதான்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க ஐயா?"

"உன் சீட்டுல மெத்தை வெச்சிருக்க. அவன் வெறும் தகடு. எனக்கு முதுகு வலி."

லாயல் சிரித்தார். கிழவர் சிரிக்கவில்லை.

"என் வண்டிய அறுபத்தேழுலயே பழைய இரும்புக்காரன் துண்டு துண்டா வெட்டிட்டான் தம்பி. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"அப்ப... அந்த அடி? என் வண்டியில நெஜமாவே இருந்துச்சே?"

"வலது பக்கம் அடி வாங்காத ரேஸ் வண்டி எங்கயாவது பாத்திருக்கியா? வண்டி எடது பக்கமாவே திரும்பிட்டு இருக்கு. செவுரு எந்தப் பக்கம் இருக்கும்?"

லாயல் பெல்ட் கொக்கியை மாட்டாமல் நிறுத்தினார். "அப்புறம் ஏன் ஐயா எங்களை அடிக்க விட்டீங்க?"

"காலையிலேருந்து என்னையும் தொடச்சுத் தொடச்சு உக்கார வெச்சு போட்டோ எடுக்கறானுங்க. பளபளன்னு நிக்கற அந்த ரெண்டையும் பாத்தேன். எரிச்சலா இருந்துச்சு." கிழவர் ஸ்டியரிங்கைத் தடவினார். "எத்தனையோ பேர் வண்டிய என்னுதுன்னு சொல்லியிருக்கேன். ஒரு வேளைச் சாப்பாடு போடுவாங்க. உனக்கு வேணும்னா ஊருக்குச் சொல்ல மாட்டேன். உன் இஷ்டம்."

லாயல் தலையை வெளியே எடுத்துப் பார்த்தார். வேலியோரமாக ஊரே நின்றது. சர்ச்சில் இரண்டு ஆள் தள்ளி உட்காருகிறவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஆயுசுக்கும் அந்தப் பெயர். மறுபடி குனிந்து, வாய்க்கு வந்ததைக் கேட்டார்.

"உங்களுக்கு ஓட்டணுமா ஐயா?"

கிழவர் முகம் மாறியது. "ஓட்டவா? ஒரு சுத்து ஊர்கோலம் போகணும்னுதான் சொன்னாங்க."

"அது அவங்க சொன்னது. வண்டி என்னுது. நீங்க ஓட்டுங்க."

"ரெண்டாவது வளைவுச் செவுரு அதே எடத்துலதான இருக்கு?"

"அங்கதான் இருக்கு."

வண்டி கிளம்பியது. முதல் வளைவு வரை சாதுவாகத்தான் போனது. அதற்கப்புறம் ஒரு உறுமல். டிராக்கின் ஓரத்தில் பீர் டப்பா வைத்துக்கொண்டு நின்றவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் குதித்தார்கள். ஒரு சுற்று என்றார்கள், மூன்றாவது சுற்றும் வந்தது. பாஸ்டர் மைக்கில் 'ஆண்டவரே, ஆண்டவரே' என்றார், அது ஜெபமும் வர்ணனையும் இரண்டுமாக இருந்தது. அடுத்த சுற்றில் இரண்டாவது வளைவில் வண்டி மேலே ஏறி, வலது பக்கம் முழுக்கச் சுவரில் உரசி, தீப்பொறி பறக்க, தகரம் கிழிகிற சத்தம் ஊர் எல்லை வரை கேட்டது. ஒலீட்டா கண்ணை மூடிக்கொண்டாள். லாயல் மூடவில்லை.

வண்டி நொண்டிக்கொண்டு வந்து நின்றது. வலது பக்கத்தில் பெயிண்டும் இல்லை, நம்பரும் இல்லை, லாயல் சம்மட்டியால் அடித்த குழியும் இல்லை. ஒரு சக்கரம் கோணிக்கொண்டிருந்தது. புகைக்குள் இருந்த வெர்லினை நோக்கி நான்கு பேர் ஓடினார்கள். அவர் ஒருத்தர் கையையும் பிடிக்காமல் ஜன்னல் வழியாகத் தானே வெளியே வந்தார். மூச்சு வாங்கியது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

பாஸ்டர் ஓடிவந்து மைக்கை லாயல் வாயருகே நீட்டினார். "சகோதரர் லாயல்! சாம்பியனோட நிஜமான வண்டி உங்களுதுதான்னு தெரிஞ்சுபோச்சு! என்ன சொல்றீங்க?"

லாயல் வண்டியைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார்.

"இன்னிக்கிக் காலையில இது அவரோட வண்டி இல்ல" என்றார். "அவரோட வண்டிய எப்பவோ வெட்டிட்டாங்களாம், அவரே சொன்னாரு. ஆனா இப்ப இது அவரோடதுதான். நீங்க எல்லாரும் பாத்தீங்க. இதுல இனிமே யாரும் கை வைக்க விடமாட்டேன்."

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள், எல்லாருமாகச் சேர்ந்து டிராக்கே அதிரக் கத்தினார்கள். ஒலீட்டா வந்து லாயலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே டாயில் ப்ரூவெட் கூட்டத்தை முண்டியடித்துக்கொண்டு வந்து வெர்லின் முன்னால் நின்றான். நசுங்கின தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். இத்தனை வருஷமாக ஊரின் சாவுகளுக்கெல்லாம் விலை சொன்ன அந்தக் குரல் கம்மிப்போயிருந்தது.

"ஐயா, என்னுதையும் கொஞ்சம் ஓட்டுங்களேன். அந்தச் செவுத்துப் பக்கமா."

வெர்லின் ஹெல்மெட்டை இன்னும் கழற்றவே இல்லை.